வாடாத கொடி

வெட்டி மூன்று நாளாகியும் ஓர் இலைகூட வாடவில்லை.

வெட்டியவள் அவள்தான். துணியைத் தவிர வேறெதையும் தொடாத தையல் கத்தரியை ஆத்திரத்தில் தூக்கிக்கொண்டு போய், கட்டைவிரல் பருமன் தண்டை ஒரு சாண் உயரத்தில் அறுத்து, அடிக்கட்டையையும் வேரோடு பிடுங்கிக் குப்பையில் வீசியிருந்தாள். பின்னே என்ன? அழகுக்கென்று புருஷன் ஏற்றிவிட்ட கொடி ஜன்னலையெல்லாம் அடைத்து, பட்டப்பகலில் ஊசியில் நூல் கோக்க விளக்குப் போட வேண்டியிருந்தது. கொஞ்சம் வெட்டிவிடச் சொல்லி அவள் கேட்டது ஒரு தரமா, இரண்டு தரமா? அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்த அன்றுகூட, நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் அந்த மனுஷன் கேட்டது, "கொடிக்குத் தண்ணி ஊத்தினியா?"

வெட்டியதைப் பார்த்த அவன், அவள் தைத்து மிஞ்சிய துணிக்கீற்றுகளை அள்ளிக்கொண்டு முன்னறைக்குப் போனான். மேலே தொங்கிய கொடியின் நுனிகளை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே இழுத்து, தன் கட்டில் சட்டத்திலேயே கட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். கதவோரம் வைத்த சோற்றுத் தட்டு வைத்தபடியே கிடந்தது. 'வயிறு காய்ந்தால் தானாக வருவார்' என்று இவளும் எட்டிப் பார்க்கவில்லை. வீம்புக்கு வீம்பு.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க கொடி வெள்ளையாத்தானே பூக்கும்? இதென்ன இப்படிச் சிவப்பா?"

"என்னை ஏன் கேக்கற? வளக்கற மகராசனைக் கேளு!"

வெடுக்கென்று சொல்லிவிட்டாலும், சுவரில் தொங்கிய வெட்டுமுனையைப் போய்ப் பார்த்தாள். காயவில்லை. சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் சூடு, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. விரலுக்கடியில் ஏதோ விட்டுவிட்டுத் துடித்தது. விரலை முகர்ந்தாள். இரும்பு வாடை.

ஓடினாள்.

"என்னங்க! மூணு நாளா என்ன பிடிவாதம் இது? கதவைத் திறங்க!"

கோபமாகத்தான் கத்தினாள். கதவைப் படபடவென்று தட்டினாள். உள்ளே இலைகள் உரசும் சத்தம். வெளியே பொட்டுக் காற்றில்லை.

தோளால் இடித்தாள். தாழ்ப்பாள் தெறித்தது.

பச்சை இருட்டு. ஈர மண் வாசனை. கட்டிலைக் காணோம். எங்கும் இலை. இலைகளுக்கு நடுவே, சருகாய் வற்றிய ஒரு முகம். துணிக்கீற்று கட்டிய நுனிகள் இப்போது கட்டில் சட்டத்தில் இல்லை. அவன் கழுத்தில். கைகளில். தோலுக்குள் இறங்கி, வேர் பிடித்திருந்தன.

"ஐயோ, பாக்காம இருந்துட்டேனே! பாவி நான், பாக்காம இருந்துட்டேனே!"

கத்தரியை எடுத்து வந்து, கழுத்தோரம் ஒரு நுனியை நறுக்கினாள். அவன் முனகினான். நறுக்கிய இடத்தில் ரத்தம் குபுக்கென்று வந்தது. கத்தரி கையிலிருந்து நழுவியது.

அவன் காதோரம் ஒரு மொட்டு மெல்ல விரிந்தது. சிவப்பு.

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"தண்ணி ஊத்தினியா?"