கூப்பிடு தூரம்

ஒட்டகச்சிவிங்கிகள் எதையும் மென்றுகொண்டிருக்கவில்லை. அதைத்தான் ஜினி முதலில் கவனித்தாள். ஏழு கழுத்துகள் மூடுபனிக்கு மேலே எழுந்து நின்றன. ஏழு முகங்களும் மேற்கே பார்த்திருந்தன. ஒரு காது அசையவில்லை, ஒரு வால் அசையவில்லை. வளைகுடாவில், புஜைரா ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக ஐ.சி.யு.வில் வேலை பார்ப்பவள் அவள். படுத்திருக்கும் உடம்பை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தே மூச்சு எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவாள். இந்த மிருகங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கின்றன என்று தோன்றியது.

"கொள்ளாமே! போட்டோவுக்கு நிக்க மாதிரியே நிக்குதுவ," என்றான் அவள் கணவன் பிரைட், போனை பஸ் ஜன்னலின் கம்பிவலையில் ஒட்டிப் பிடித்தபடி.

பாலைவனத்துக்கு நடுவே செம்மண் கொட்டி, குழாயில் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விட்டுப் புல் வளர்த்து, குடை விரித்தாற்போன்ற வேலமரங்களை நட்டு உண்டாக்கிய ஆப்பிரிக்கப் புல்வெளி அது. திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் நாள் மிருகங்களைப் பார்ப்பது, இரவு கூடாரத்தில் தங்குவது, மறுநாள் ஊர் திரும்புவது என்று சீனியர் சிஸ்டர் எலிசாதான் ஏற்பாடு செய்திருந்தாள். ஆஸ்பத்திரி ஆட்களும் அவர்கள் வீட்டாருமாக ஒன்பது பேர் ஒரு சின்ன பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

பிரைட்டுக்கு அடுத்த நாட்டில், சோஹார் துறைமுகத்தில் வேலை. நடுவில் எல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வருவான், ஒரு இரவு இருந்துவிட்டுப் போவான். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. காலையில் பெட்ரோல் பங்கில் அவன் வாங்கிவந்த டீயில் சர்க்கரை இரண்டு பங்கு இருந்தது. அவள் சர்க்கரையை விட்டு இரண்டு வருடம் ஆயிற்று. மிச்சம் வைக்காமல் குடித்தாள். இந்த இரண்டு நாளில் பழையபடி ஆகிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் மெரூன் நிறச் சுடிதாரைத் தேடி எடுத்து உடுத்தியிருந்தாள்.

"ஒம்பது மணிக்கெல்லாம் பனி வெலகிரும் சிஸ்டர்," என்றார் டிரைவர் கார்மேகம், கண்ணாடி வழியே பின்னால் பார்த்து. ராமநாதபுரம் பக்கத்துக்காரர். முன்பு முசஃபா தொழிற்பேட்டையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். "வெலகுனதும் சிங்கம். அதுவரைக்கும் யாரும் கதவத் தொறக்கக் கூடாது, எறங்கக் கூடாது. சரியா?"

பஸ் நகர்ந்தது. மூடுபனி ஈரத்துணியைப் போல ஜன்னல்களில் உராய்ந்துகொண்டு வந்தது. நனைந்த மண் வாடை, சாண வாடை, அவற்றுக்கு அடியில் வேறொரு வாடை. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் முகத்தில் அறையுமே, அதைப் போல. வெட்டவெளியில் அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. வரிக்குதிரைகள் வந்தன. இருபது இருக்கும். அவையும் மேற்கே பார்த்து நின்றன. பஸ் இரண்டடி தள்ளிப் போனபோதும் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"ஏங்க, ஒரு பறவைகூடக் கத்தல, கவனிச்சீங்களா?" என்றாள்.

"பனியில என்னத்தக் கத்தும்? நீ டூட்டிய மறந்துட்டு வெளிய பாரு பிள்ளே."

சிங்கம் இருக்கும் பகுதிக்கு இரட்டைக் கேட். அதன் முன்னால் கார்மேகம் பிரேக் போட்டார். இரண்டு கேட்டும் திறந்து கிடந்தன. யாரும் திறந்தவை அல்ல. கீல் பிடுங்கி, இரும்புச் சட்டம் வளைந்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. உள்ளே இருந்ததெல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு வெளியே ஓடியிருக்க வேண்டும்.

அவர் வாக்கிடாக்கியை எடுத்தார். "கண்ட்ரோல், கண்ட்ரோல். லயன் கேட் டூட்டிருச்சு பாய், ஒடஞ்சு கெடக்கு. சுன் ரஹே ஹோ?"

கரகரப்பு. பிறகு நிதானமான ஒரு குரல். "சப் டீக். யல்லா, ஆகே ஜாவ்."

"என்னய்யா இவன், எல்லாம் சரியா இருக்கு, முன்னால போங்குறான்," என்று முனகியபடி கார்மேகம் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பினார். அப்போது எலிசா கத்தினாள். "சிங்கம்! அந்த மரத்தடியில!"

எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

வேலமரத்தடியில் ஆண் சிங்கம் ஒன்று படுத்திருந்தது. அதன் வயிற்றோடு வயிறாக ஒட்டிக்கொண்டு நான்கு மான்கள். ஒரு மான்குட்டி சிங்கத்தின் முன்னங்கால்களுக்கு நடுவே தலையை நுழைத்து வைத்திருந்தது. சிங்கம் அதை முகர்ந்தும் பார்க்கவில்லை. அதன் தோல் முழுக்க ஓடிக்கொண்டிருந்த நடுக்கத்தை ஜினியால் இங்கிருந்தே பார்க்க முடிந்தது. பின்னங்கால்களுக்கிடையே மண் நனைந்திருந்தது. பயத்தில் போன மூத்திரம்.

"போலாம்ணே," என்றாள். "வேகமாப் போங்க."

போக முடியவில்லை. பாதை நிறைய மிருகங்கள். பனிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தன. வரிக்குதிரைகள், நீளக் கொம்பு மான்கள், நெருப்புக்கோழிகள். பஸ்ஸைத் தாக்க அல்ல. பஸ்ஸின் மேல் ஒட்டிக்கொள்ள. தகரத்தில் உடம்புகள் அழுந்தும் சத்தம். ஒரு வரிக்குதிரையின் கண் கம்பிவலைக்கு அந்தப் பக்கம், அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். வெள்ளை மட்டும் தெரிந்தது. கார்மேகம் ஹாரனை அழுத்தினார். ஒன்றும் நகரவில்லை. என்ஜின் ஒருமுறை இருமி நின்றது. மறுபடி சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை.

அமைதி. அத்தனை மிருகங்கள் நின்றும் ஒரு மூச்சுச் சத்தம் இல்லாத அமைதி.

பிறகு, மேற்கிலிருந்து, கூப்பிடு தூரத்தில், ஒரு பெண் குரல்.

"ஏங்க... இங்க வாங்களேன்."

ஜினி தன் குரல் ஆஸ்பத்திரி போனில் பதிவானதைக் கேட்டிருக்கிறாள். அந்தக் குரல்தான் அது. 'வாங்களேன்' என்பதைக் கொஞ்சம் இழுக்கும் இழுப்பும் அதேதான்.

"கேட்டீங்களா?" என்று பிரைட்டின் கையைப் பிடித்தாள்.

முன்னால் கார்மேகம் எழுந்து நின்றிருந்தார். "நாகவள்ளி," என்றார் மெதுவாக. "இவ எங்கிட்டு இங்க வந்தா?"

"அண்ணே, யாருண்ணே?"

"எம் பொண்டாட்டி, சிஸ்டர். கூப்புடுறா, கேக்கலயா? ஊர்லேர்ந்து எப்புடி வந்தா?" கதவைத் திறந்தார். அவர்தான் திறக்கக் கூடாது என்று சொன்னவர். இறங்கினார். மிருகங்கள் விலகி அவருக்கு வழிவிட்டன. நாலு எட்டில் அவரைப் பனி மூடிக்கொண்டது.

யாரும் கூச்சலிடவில்லை. அதுதான் மோசம். எலிசா தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. இறந்துபோன மகன் பெயரைச் சொன்னாள். "வாரேன்டா," என்றாள். இறங்கினாள். அவளுக்குப் பின்னால் லேப் டெக்னீஷியன் முகம்மது ஆசிக். அப்புறம் அவர் மனைவி. ஜினி எலிசாவின் துப்பட்டாவை எட்டிப் பிடித்தாள். துணிதான் கையில் மிஞ்சியது.

ஒருவர் பின் ஒருவராக. அவசரமே இல்லாமல். பஸ் நின்றதும் இறங்குவது போல.

"நீங்க எந்திரிக்காதீங்க. என்னப் பாருங்க. என்ன மட்டும் பாருங்க."

பிரைட் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "நீ ஏன் வெளிய போயி நிக்க?" என்றான். "பனி கொட்டுதுல்லா."

"நான் இங்க இருக்கேன்! உங்க பக்கத்துல!"

அவன் திரும்பினான். மெல்ல. அவள் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், தன் மணிக்கட்டை இறுக்கியிருந்த விரல்களைப் பார்த்தான். அவன் கண்ணில் ஏறிய பயத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். மரத்தடிச் சிங்கத்தின் பயம்.

"நீங்க யாரு?" என்றான்.

"பிரைட்..."

"விடுங்க. ஐயோ, கைய விடுங்க! ஜினி! ஜினி!" வெளியே பார்த்துக் கத்தினான். உதறினான். பலங்கொண்ட மட்டும் அவளைத் தள்ளினான். அவள் தலை இரும்புக் கம்பியில் மோதியது. எழுவதற்குள் அவன் படியில். எழுந்தபோது பனியில்.

கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவளும் இறங்கியிருக்கலாம். கம்பியைப் பிடித்தபடி நின்றாள். தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பனி திடீரென்று விலகியது. வெயில். எங்கோ ஒரு கொக்கு கத்தியது. மிருகங்கள் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கலைந்தன. ஒரு வரிக்குதிரை குனிந்து புல்லைக் கடித்தது. தூரத்தில் நீளமான பச்சை ஜீப் ஒன்று தூசி கிளப்பி வந்தது. அதற்கு முன்னால், புல்வெளியில், அவர்கள். கார்மேகம். எலிசா. ஆசிக். எல்லோரும். சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். பிரைட் நின்றான். அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு மெரூன் சுடிதாரில் ஒருத்தி. முதுகு மட்டும் தெரிந்தது. பின்னலும் ஜினி காலையில் போட்ட விதம்தான்.

ஜீப்பிலிருந்து இறங்கிய பார்க் ஊழியர் சதக்கத்துல்லா பஸ்ஸை நோக்கி வந்தார். சட்டையில் பெயர் இருந்தது. ஏறினார். ஜினி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணா, நான்தான் ஜினி. அது நான் இல்ல. அண்ணா!"

அவர் கண்கள் சீட் சீட்டாகப் பார்த்துக்கொண்டே போயின. அவள் மேல் வந்தன. கடந்தன. குனிந்து, அவள் சீட்டில் இருந்த ஹேண்ட்பேக்கை எடுத்தார். "வேற யாரும் இல்ல, காலி," என்று வாக்கிடாக்கியில் சொன்னார். இறங்கினார். கதவைப் பூட்டினார்.

ஜினி கதவுக் கண்ணாடியை அறைந்தாள். கை வலித்தது. சத்தம் வரவில்லை.

அவர் பேக்கை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் வாங்கி, திறந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து பிரைட்டிடம் கொடுத்தாள். அவன் குடித்தான். பதினான்கு மாதத்தில் ஜினி பார்க்காத சிரிப்பு ஒன்று அவன் முகத்தில் இருந்தது. எல்லோரும் ஜீப்பில் ஏறினார்கள். ஜீப் திரும்பியது.

ஜீப்பின் பின்பக்கக் கண்ணாடியில் அந்தப் பெண் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஜினியின் முகம். ஜினியின் பொட்டில்லாத நெற்றி, ஜினியின் மூக்குத் தழும்பு. பிரைட்டின் ஈரத் தலையைத் தன் தோளில் சாய்த்து, விரல்களால் மெதுவாகக் கோதிக்கொண்டிருந்தாள். கண்களை மட்டும் பஸ்ஸை விட்டு எடுக்கவே இல்லை. உதடுகள் பிரிந்தன. உள்ளே பல் இல்லை, நாக்கு இல்லை. அடர்த்தியான வெள்ளைப் பனி மட்டும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.