கன்னியம்மாவின் கைநாட்டு

"செத்தவ கைநாட்டு வைப்பாளா சார்?" என்று கேட்டபடியே உள்ளே வந்தாள் ஆசிரியை தபீதாள்.

1971 ஜூன் மாதம், தாம்பரத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. கைரேகைப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேதசிரோமணி, காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டு ரயில்வே குமாஸ்தா எட்மண்டும் அங்கேதான் இருந்தான். துப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

விஷயம் இதுதான். கல்லுடைப்பவர்கள் குடியிருப்பில் சரியாக நூறு வீடுகள். பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகவேண்டும். நூறு வீட்டிலிருந்தும் தாயோ தகப்பனோ ஒருவர் மனுவில் ஒப்பமிட்டால், இந்தப் பக்கமே பள்ளி திறப்பார்கள். ஒன்று பொய்யானாலும் மனுவே தள்ளுபடி. ஜூன் பன்னிரண்டு என்று தேதியிட்ட மனுவில் கன்னியம்மாவின் கைநாட்டு இருந்தது. அவளோ ஏப்ரலிலேயே, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, பிள்ளையைக் கூட்டிவரப் போய், அதே தண்டவாளத்தில் ரயிலில் அடிபட்டுச் செத்தவள்.

"நான் இந்த மாசம்தான் வேலைக்கு வந்தேன் சார், அவங்க முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. கல்வி ஆபீஸ்ல மனுவைத் திருப்பிக் கொடுத்து, திங்கட்கிழமைக்குள்ள விளக்கம் கேக்கறாங்க. குடியிருப்பே நடுங்குது. பிள்ளைக்காக அவளே எழுந்து வந்து வெச்சுட்டாளாம். புருஷன் சவுரிமுத்து ராத்திரியில கதவைச் சாத்தறதே இல்லையாம்."

மாதர் சங்க அட்டையில் கன்னியம்மா வைத்த பழைய ரேகையையும் தபீதாள் கொண்டுவந்திருந்தாள். வேதசிரோமணி பூதக்கண்ணாடியில் இரண்டையும் பார்த்தார். சந்தேகமே இல்லை, ஒரே விரல். எட்மண்ட் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"கர்த்தரே! அப்போ பேய்தானா அண்ணா?"

"ரேகையை விடு. தாளைப் பார்."

"இதுல என்ன இருக்கு? மேலே எழுத்து தாராளமா இருக்கு. கைநாட்டு கிட்ட வந்ததும், ஆறு மணி லோக்கல் வண்டி மாதிரி நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது."

வேதசிரோமணி சிரித்தார். "எழுதினது யாரும்மா?"

"மனு எழுதற கேசவன் சார். வண்டலூர்க்காரர்."

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் குடியிருப்பே மாதா கோயில் கொட்டகையில் கூடியது. கேசவனையும் எட்மண்ட் கையோடு கூட்டிவந்திருந்தான். வேதசிரோமணி தாளை உயர்த்திப் பிடித்தார்.

"எழுதின தாள்ல கைநாட்டு வெச்சா, விரல்தான் எழுத்துக்கு ஒதுங்கும். இங்கே எழுத்து விரலுக்கு ஒதுங்கியிருக்கு. ரெண்டு இடத்துல பேனா மை, கைநாட்டு மைக்கு மேலேயே ஓடுது. வெறும் தாள்ல கைநாட்டு வாங்கியிருக்கீங்க, கேசவன். எப்போ?"

கேசவனுக்கு வேர்த்துக் கொட்டியது. "மாசியில சார். வுடிஞ்சா எல்லாம் கல்லுடைக்கப் பூடுறாங்க, ஆள் கிடைக்கறதே பேஜாரா கீது. பென்சில்ல பேரைப் போட்டு மொத்தமா வாங்கிக்கினேன். ஸ்கூல் தொறந்தப்புறம் மேட்டரை எழுதினேன். அந்தம்மா பூட்டது சத்தியமா தெரியாது சார்!"

"அடப்பாவி! ஊரையே மிரட்டிட்டியே!" என்றான் எட்மண்ட். கூட்டம் பெருமூச்சு விட்டது. பின்வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். அவர்தான் சவுரிமுத்து.

"அப்போ அவ வர்லியா சார்?"

வேதசிரோமணி தாளைக் கீழே இறக்கினார். குற்றவாளிகளிடம் உண்மை சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். "வரலைய்யா. உயிரோட இருக்கறப்போ வெச்சது," என்றார் கடைசியில்.

அங்கேயே புது மனுவை எழுதி, எல்லாருக்கும் படித்துக் காட்டினாள் தபீதாள். தொண்ணூற்றொன்பது வீட்டார் ஒப்பமிட்டார்கள். பள்ளிப் பதிவில் சவுரிமுத்து வீட்டுக்குத் தாயின் பெயர்தான் இருந்தது. தகப்பன் வைப்பதானால் காரணம் எழுதவேண்டும்.

"எழுதாதம்மா," என்றார் சவுரிமுத்து. "எழுதிட்டா அப்புறம் அவ வரமாட்டா."

யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அந்த நேரம் பார்த்துக் கூட்ஸ் வண்டி ஒன்று கொட்டகை அதிரப் போயிற்று. அவர் சட்டென்று மகளின் கையைப் பிடித்தார். பிள்ளை பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தது. வண்டி கடந்து வெகுநேரமாகியும் அவர் பிடியை விடவில்லை.

"எழுதும்மா," என்றார். "கன்னியம்மா செத்துட்டா."

தபீதாள் எழுதினாள்.

"எல்லாருக்கும் படிச்ச மாதிரி எனக்கும் படிச்சுக் காட்டு."

அவள் படித்தாள். சவுரிமுத்து கட்டைவிரலை மையில் தொட்டு, அந்த வரிக்குக் கீழே அழுத்தினார். விரலை எடுக்கத்தான் அவருக்கு மனசு வரவில்லை.