அறிக்கையில் ஒரு புருவம்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. அவளுடைய இரண்டு கைகளிலும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்ததால் குடை பிடிக்க வழியில்லை. பிடிக்கக் கூடாது என்பதுதான் திட்டமே.

அந்த அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு கார்டு காட்டினால்தான் திறக்கும். கார்டு இல்லாதவர்கள் சுவரில் இருக்கும் பெல்லை அடித்துக் காவலாளியிடம் விவரம் சொல்ல வேண்டும். அவளிடம் கார்டு இல்லை. உள்ளே ஒருவன் டீ கப்போடு மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். பார்வை திரும்பியது... இவள் மேல் நின்றது. தண்ணீர் வழியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்கள். கொஞ்சம் தயக்கம், கொஞ்சம் சிரிப்பு. வந்த வேலையே ஒரு நொடி அவளுக்கு மறந்துபோயிற்று.

கதவு திறந்தது.

"உள்ள வாங்க, முழுசா நனைஞ்சிட்டீங்க. பெட்டியை இப்படிக் குடுங்க."

"பரவால்ல... கனமில்ல."

"கனமில்லாத பெட்டியை எதுக்கு இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கீங்க?"

"அது... பழக்கம்."

"நல்ல பழக்கம்தான்." லிஃப்ட் பட்டனையும் அவனே அமுக்கினான். "எந்த மாடி?"

"மூணு..."

லிஃப்ட் மூடும்போதுதான் கவனித்தாள். அவனுடைய இடது புருவத்தை ஒரு சின்னத் தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. வந்தது எதற்கு, இவள் பார்ப்பது எதை என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

பெட்டி காலி. அவள் சைபர் பாதுகாப்பில் முதுகலை கடைசி வருடம் படிப்பவள். ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் படங்களையும் நோயாளிகளின் விவரங்களையும் பாதுகாத்து வைக்கும் நிறுவனம் அது. கார்டு இல்லாத ஒரு ஆள் அங்கே நுழைய முடிகிறதா என்று, நிர்வாகத்தின் அனுமதியோடு சோதித்துப் பார்ப்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். கம்ப்யூட்டருக்கு எத்தனை பூட்டுப் போட்டு என்ன, வாசலில் ஒரு மனிதன் கதவைத் திறந்துவிட்டால் எல்லாம் போச்சு. உள்ளே வரை வந்ததற்கு அடையாளமாக, சர்வர் அறைக் கதவில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு இறங்கி வந்தாள்.

வீட்டில் அப்பா அவளைப் 'பூட்டு' என்றுதான் கூப்பிடுவார். பென்சில் டப்பாவுக்குக்கூட பூட்டுக் கேட்டு அழுத குழந்தை அவள். ப்ராஜெக்ட் நன்றாக வந்தால் படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலை என்று நிறுவனம் சொல்லியிருந்தது. அந்த அவசரத்தில், பேராசிரியை பார்ப்பதற்கு முன்னாலேயே அறிக்கையை நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டாள். 'மழையில் நிற்பவர் யாராக இருந்தாலும் ஊழியர்கள் கதவைத் திறந்துவிடுகிறார்கள்' என்பது அதன் முடிவுரை.

சில வாரம் கழித்து ஊழியர்களுக்கு விளக்கம் சொல்ல அதே அலுவலகத்துக்குப் போனாள். பேசி முடித்து, கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது எதிரே ஒரு நிழல். நிமிர்ந்தாள். அதே புருவம்... கண்ணில் சிரிப்பு மட்டும் இல்லை.

"அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு மேடம்?"

"ஒண்ணுமில்ல... காலிப் பெட்டி."

"கனமில்லன்னு அன்னைக்கே உண்மையைத்தான் சொல்லியிருக்கீங்க. எனக்குத்தான் புரியல."

அவன் ஹெல்ப் டெஸ்க்கில் இருந்தான். பாஸ்வேர்டை மறந்துவிட்டுத் தவிக்கிறவர்கள் எல்லாம் அவனுக்குத்தான் போன் போடுவார்கள். இந்த மாதம் வேலை நிரந்தரமாகியிருக்க வேண்டும். அறிக்கை வந்த பிறகு அந்த உத்தரவை நிறுத்திவைத்துவிட்டார்கள். இதையெல்லாம் அவன் குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"என்னைப் படிக்க வச்சது எங்கக்கா. நிரந்தரமாயிடுச்சாடான்னு தினமும் கேக்குறா. லெட்டர் டைப் ஆயிட்டிருக்குக்கான்னு பொய் சொல்லிட்டிருக்கேன்."

"நான் உங்க பேரை எழுதவே இல்லையே..."

"பேரை எழுதல. எப்படி எழுதியிருக்கீங்கன்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. இப்ப ஆபீஸ்ல எனக்குப் பேரே 'கதவு'தான். கதவு வந்தாச்சா, கதவு சாப்பிட்டாச்சா..."

அந்த இடத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாக்கில் சனி. சுற்றி நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற ரோஷம் முந்திக்கொண்டது.

"திறந்தது நீங்கதானே? நான் ஒண்ணும் உடைச்சுட்டு வரலையே."

அவன் முகம் சுண்டிப்போனது.

"வாஸ்தவம்தான். இனிமே யாராவது மழையில நனைஞ்சு நின்னா நான் பாத்துக்கிட்டு நிப்பேன். அதைக் கத்துக்குடுத்தது நீங்க. நல்லா இருங்க."

திரும்பிப் பார்க்காமல் போனான். அவள் எடுத்துவைத்த டீ ஆறிப்போயிருந்தது.

மறுநாள் பேராசிரியை கூப்பிட்டு அனுப்பினார். கறார் பேர்வழி. அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார்.

"ஆளை மறைச்சு எழுதணும்னு முதல் வகுப்புலயே சொன்னேனா இல்லையா?"

"மறைச்சிருக்கேன் மேடம்."

"அப்படியா. இந்தப் பத்தியை வாசி."

வாசித்தாள். "கதவைத் திறந்த ஊழியர், இடது புருவத்தில் தழும்பு உள்ளவர், பெட்டியை வாங்கிக்கொள்ள முன்வந்தார். பார்வையில் சந்தேகம் இல்லை. கனிவு..." குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"ஒரு ரிப்போர்ட்ல புருவம் எதுக்கும்மா?"

அவள் அறிக்கையின் ஓரத்தை மடித்தாள்.

"கனிவு எதுக்கு?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. அடிப்பாவி... அவனைக் காட்டிக்கொடுத்தது வாசலில் இருக்கும் கேமரா என்றல்லவா நேற்று ராத்திரி முழுக்கச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுத்தது அவளுடைய கண்தான். எழுத உட்கார்ந்தபோது அந்தப் புருவம்தான் முன்னால் வந்து நின்றிருக்கிறது. ஊரார் ரகசியத்தையெல்லாம் காப்பாற்றப் படிக்கிறவள் ஒருத்தனைப் பத்திரமாக மறைக்கத் தெரியாமல் மாட்டிவிட்டிருக்கிறாள்.

"நான் போய்ச் சொல்லிடறேன் மேடம். தப்பு என் மேலதான்னு."

"மார்க் குறைப்பேன்."

"சரி மேடம்."

"அந்த வேலையும் கையை விட்டுப் போகலாம். யோசிச்சியா?"

யோசித்திருந்தாள். அப்பாவின் முகம் வந்து போயிற்று. அதற்குப் பின்னாலேயே, முகம் தெரியாத ஒரு அக்காவும் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள்... நிரந்தரமாயிடுச்சாடா, நிரந்தரமாயிடுச்சாடா. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நிறுவனத்தில், மேனேஜரின் அறையில் அவனையும் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார்கள். அவன் இவளைப் பார்க்கவில்லை. இவள் மேனேஜரை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"சார், இந்தச் சோதனை கதவுக்கு. ஆளுக்கு இல்ல. யார் மேலயும் நடவடிக்கை இருக்காதுன்னு நீங்க குடுத்த அனுமதியிலயே இருக்கு. அவரை அடையாளம் தெரியிற மாதிரி எழுதினது என் தப்பு. எங்க படிப்புல இது பெரிய தப்பு. தண்டனை யாருக்காவது குடுக்கணும்னா எனக்குக் குடுங்க."

மேனேஜர் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு அவனைப் பார்த்து, "உங்க உத்தரவு இன்னைக்கே வந்துடும்," என்றார். அவளிடம் திரும்பினார். "உங்க வேலை விஷயம்... மேலிடத்துல பேசிட்டுச் சொல்றேன்." அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

வெளியே வந்தாள். மழை. குடையை மேனேஜர் அறையிலேயே விட்டுவிட்டது அப்போதுதான் உறைத்தது. திரும்புவதற்குள் கதவு பூட்டிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன். கையில் அவளுடைய குடை.

அவன் திறக்கவில்லை. விரலால் சுவரில் இருந்த பெல்லைக் காட்டினான். செய்யட்டும், நியாயம்தானே... அவள் பெல்லை நோக்கிக் கையை நீட்டினாள். தொடுவதற்குள் கதவு திறந்து அவன் வெளியே வந்தான். பின்னால் கதவு மறுபடியும் பூட்டிக்கொண்டது. குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான். தன் தலை நனைவதைப் பற்றி அவன் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"உங்க கார்டு?"

"மேசை மேல இருக்கு."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"கார்டு இல்லாதவங்களை உள்ள விடக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கீங்க. நான் வெளிய வரக் கூடாதுன்னு எழுதலையே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்துவிட்டது.

"அன்னைக்கு கேன்டீன்ல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது... மன்னிச்சிடுங்க."

"அதை விடுங்க. உங்க அறிக்கையில இன்னொரு தப்பு இருக்கு."

திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"மழையில யார் நின்னாலும் திறப்பாங்கன்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு உங்களுக்கு முன்னாடி தண்ணி கேன் போடறவர் வந்தார். பெல்லைக் காட்டினேன். என் பக்கத்து சீட்டுக்காரன் கார்டை மறந்துட்டு வந்து நின்னான். அவனுக்கும் பெல்தான்."

"இதை ஏன் அப்பவே சொல்லல? சொல்லியிருந்தா..."

"என்னன்னு சொல்றது? எல்லாருக்கும் பெல்லு, அந்தப் பொண்ணுக்கு மட்டும் கதவுன்னா? வேலையோட மானமும் போயிருக்கும்."

அவள் குடைக்கம்பியைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"ரிப்போர்ட்ல இருந்து புருவத்தை எடுத்துட்டேன்..."

"அதுல இருந்து மட்டும் எடுத்தா போதும்."

"வேற எங்க இருந்தும்... எடுக்க வரல."

அவன் கை நீட்டிப் பெல்லை அமுக்கினான். சுவரில் இருந்த ஸ்பீக்கரில் காவலாளியின் குரல் கரகரத்தது.

"யாருங்க?"

"ஹெல்ப் டெஸ்க். கார்டை உள்ள விட்டுட்டேன்."

"கூட நிக்கிறது யாரு? அவங்களுக்கு இங்க யார் வேணும்?"

அவன் அவளைப் பார்த்தான். முதல் நாள் பார்த்த அதே கண்கள். தயக்கம் மட்டும் இப்போது இல்லை.

"அவங்க எனக்கு வேண்டியவங்க அண்ணே," என்றான்.

கதவு திறந்தது.