செவந்தியின் வலது கால்

செவந்தியின் வலது கால் முழங்காலோடு போய்விட்டது. சனிக்கிழமை வெட்டினார்கள். திங்கள் காலை 10.10க்குப் புதுக்கோட்டையில் அந்தத் தனியார் மருத்துவமனைக்குள் நுழைந்த உதவி ஆய்வாளர் தேவிப்ரியாவின் கையில் ஒரு புகார் இருந்தது. கால் போனதற்குக் காரணம் செவந்தியின் புருஷன்தான் என்றது அது.

வியாழக்கிழமை ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் பெரிய ஐஸ் கட்டி சரிந்து செவந்தியின் காலில் விழுந்திருக்கிறது. அங்கேயே வேலை பார்த்த கணவன் கண்ணுசாமி, மீன் பெட்டிப் பலகையை அணைகொடுத்து, வலைக்கயிற்றால் காலைக் கட்டி, லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கயிறு இறுகி ரத்த ஓட்டம் நின்றதால் கால் போனது என்று எழுதிக் கொடுத்தவர் எலும்பு மருத்துவர் சிவபிரகாஷ்.

வராந்தாவில் குந்தியிருந்த கண்ணுசாமி எழுந்தான்.

"நாந்தாங்க கட்டுனேன். என்னையப் புடிச்சுட்டுப் போயிருங்க."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"டாக்டர் சொன்னதுலேருந்து மொகத்தத் திருப்பிக்கிட்டுப் படுத்திருக்கு. ஒரு வார்த்தை பேசல." சட்டைப் பையிலிருந்து இரண்டு வெள்ளி மெட்டிகளை எடுத்தான். வாய் பிரியாத முழு வளையங்கள். "வந்தன்னைக்கு, கட்ட அவுத்தவொடனே நர்சம்மா கழட்டிக் குடுத்துச்சு. இத மட்டும் அதுகிட்டக் குடுத்துட்டு வாரேன்."

தன்னைக் கைது செய்யச் சொல்லிக் கெஞ்சும் மனிதனைப் பார்த்துத் தேவிப்ரியாவுக்கு எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

"மெட்டி என்கிட்ட இருக்கட்டும்," என்றாள்.

மருத்துவர் நாற்காலி காட்டினார்.

"வரும்போது கால் எப்படி இருந்துச்சு?"

"முடிஞ்சு போச்சு மேடம். பாதம் பூரி மாதிரி உப்பி, விரலெல்லாம் பெருத்து, நீலம் பாரிச்சிருந்தது. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்."

"புரியிற மாதிரி சொல்லுங்க."

"தசையைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அடிபட்டு உள்ள வீங்கினா அந்த உறை விரியாது. அழுத்தம் ஏறும், ரத்தம் ஓடாது. சீக்கிரமா உறையைக் கீறி விட்டா கால் பிழைக்கும், இல்லேன்னா சதை செத்துடும். ஊசி வச்சு அந்த அழுத்தத்தை விடாம அளக்கிறதுதான் என் ஆராய்ச்சி. செவந்தியையும் சேர்த்திருந்தேன். அடுத்த மாசம் டெல்லி மாநாட்டுல பேசுறேன்."

"எப்படிப்பட்டவங்களச் சேர்ப்பீங்க?"

"வரும்போது ரத்த ஓட்டம் நல்லா இருக்கணும். செத்த காலை அளந்து என்ன பிரயோஜனம்?" மருத்துவர் சிரித்தார். தேவிப்ரியா சிரிக்கவில்லை.

வார்டில் செவந்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வந்த அன்று என்ன நடந்தது என்று தேவிப்ரியா கேட்க, திரும்பாமலே சொன்னாள்.

"காலுல ஊசிய வச்சு, ஒயர ஒரு பொட்டியில மாட்டுனாங்க. கொஞ்ச நேரத்துல பொட்டி கத்த ஆரம்பிச்சிருச்சு. நானும் கத்துனேன். வெரல லேசா நிமித்துனாக்கூட உசுரு போச்சு. அப்பறம் முதுகுல ஒரு ஊசி போட்டாங்க, வலி நின்னுருச்சு. விடிய விடியப் பொட்டி மட்டும் கத்துச்சு."

அடுத்த கட்டிலருகே நின்ற நர்ஸ் ஆரோக்கியம்மாளைத் தேவிப்ரியா தனியே அழைத்தாள்.

"மெட்டியை எப்படிக் கழட்டுனீங்க? சோப்பு போட்டா?"

"சும்மா உருவுனேங்க, வந்துருச்சு."

"ரெண்டு காலுலயுமா?"

"ரெண்டுலயுந்தான்."

11.30. செவந்தியின் கட்டிலருகே கண்ணுசாமியையும் மருத்துவரையும் நிற்க வைத்தாள் தேவிப்ரியா. உள்ளங்கையை விரித்தாள்.

"விரலெல்லாம் பெருத்திருந்துச்சுன்னு சொன்னீங்க டாக்டர். பெருத்த விரல்லேருந்து முழு வளையம் சும்மா உருவ வருமா? நறுக்கித்தான் எடுக்கணும். இதுல கீறல்கூட இல்ல. கயித்தை அவுத்தப்ப கால் நல்லா இருந்துச்சு. நல்லா இருந்ததாலதான் உங்க ஆராய்ச்சியில சேர்த்தீங்க. செத்த காலைச் சேர்க்கிறதில்லன்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் அழுத்தம் ஏறுனதை உங்க கருவியே ராத்திரி பூரா காட்டியிருக்கு."

"அது புது கருவி. அதை அப்படியே நம்ப முடியாது."

"நம்ப முடியாததை வச்சு டெல்லியில என்ன பேசப் போறீங்க? பொட்டி கத்துச்சு. இவங்களும் கத்துனாங்க. நீங்க இவங்க வாயை மட்டும் அடைச்சீங்க. கீறி விட்டிருந்தா அழுத்தம் இறங்கியிருக்கும், உங்க அளவும் பாதியில நின்னிருக்கும். எதுவரைக்கும் ஏறுதுன்னு வேடிக்கை பார்த்துட்டு, பழியை இந்த மனுஷன் தலையில கட்டுனீங்க."

மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஒரு கேஸால நாளைக்கு ஆயிரம் கால் பிழைக்கும் மேடம்."

செவந்தி திரும்பினாள். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"அப்ப ஒங்க காலக் குடுத்திருக்க வேண்டியதுதான," என்றாள்.

தேவிப்ரியாவுக்கு ரத்தம் கொதித்தது. குரலை மட்டும் அடக்கிக்கொண்டாள். "அந்தப் பெட்டி இப்பவே என் கைக்கு வரணும். மருத்துவக் குழு பார்க்கட்டும். அதுவரைக்கும் ஊரை விட்டு நகராதீங்க."

கண்ணுசாமி இன்னும் தலை குனிந்தபடியே நின்றான்.

"இங்கிட்டு வாங்க," என்றாள் செவந்தி. "ரெண்டு நாளா ஒங்களத்தான் மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். இந்தாளு பேச்சக் கேட்டு."

தேவிப்ரியாவின் கையிலிருந்து மெட்டிகளை வாங்கி அவனிடம் கொடுத்துவிட்டு, போர்வையை விலக்கி இடது காலை நீட்டினாள்.

"ரெண்டையும் இதுலயே போட்டு விடுங்க."