இருவழி வடம்

துறைமுகத்தில் கிரேன்மீது மனிதர் ஏறுவது நின்றுவிட்டது. வீட்டில், படத்தை வேகமாகக் காட்டும் விரைதிரையின் முன் உட்கார்ந்து, விளையாட்டு ஆடுவதுபோல் ஓட்ட வேண்டும். தேர்வுப் போட்டியில் யார் கை முந்துகிறதோ அவருக்கே வேலை. பல வருடம் கிரேன் ஓட்டிய ஜெனோவாவும் மீசை முளைக்காத பையன்களோடு மோதியாக வேண்டும். தோற்றால் வேறு பிழைப்பு கிடையாது.

திரை புதிது. படம் மட்டும் இழுத்து இழுத்து வந்தது. கேபிள் கடை தவசிமுத்து அண்ணாச்சியிடம் போய் முறையிட்டாள்.

"திரை நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. நீ மாட்டியிருக்கது பழைய வடம். நொடிக்கு அறுபது படத்துக்கு மேல ஏத்தாது. உன் திரை ஐந்நூறு காட்டும். அண்டாத் தண்ணிய உறிஞ்சுகுழல்ல இறைச்சா எப்ப நிறையும்?"

"சரியானதக் குடுங்க. விலையச் சொல்லி மயக்கம் வர வைக்காதீங்க."

அண்ணாச்சி இரண்டு வடங்களை எடுத்துப் போட்டார். வேகம் இரண்டுக்கும் ஒன்றே. ஒருவழி வடம் படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். இருவழி வடம், திரை விளிம்பில் கையசைவைக் கவனிக்கும் விரல்நோக்கி பார்ப்பதையெல்லாம் வடக் கம்பெனிக்குத் திருப்பியும் அனுப்பும். சேவையைச் சீராக்கவாம். அதற்குத்தான் விலை குறைவு.

"அதுலயும் பாதிக்குக் குடுங்க."

"வயித்துல அடிக்காத தங்கச்சி!"

ஜெனோவா படியிறங்கினாள். உடனே அண்ணாச்சி கூப்பிட்டார். "சரி, கோவிச்சுக்காத. நீ கேட்டதுக்கே எடுத்துக்க."

கேட்ட விலைக்கே கொடுக்கிற கடைக்காரர் வேறு எங்கோ காசு பார்த்துவிட்டார் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஜெனோவாவுக்கும் தெரியும். ஜெயித்த மிதப்பில் மறந்துபோனாள்.

படம் வெண்ணெயாய் வழுக்கியது. சோறு தண்ணீர் மறந்து பழகினாள். போட்டிக்கு முந்தின நாள் துறைமுக ஒப்பந்தக்காரரிடமிருந்து செய்தி வந்தது: போட்டி இல்லை. இனிக் கிரேன்களைத் தானோட்டி இயந்திரம் ஓட்டும். சிறந்த கைகளிடம் அது பாடம் கற்றாகிவிட்டது.

நியாயம் கேட்கத் துறைமுகத்துக்கு ஓடினாள். வேலிக்குள் விடவில்லை. உள்ளே ஒரு கிரேன் சரக்குப் பெட்டகத்தை இறக்கிக்கொண்டிருந்தது. ஆளுயரத்துக்குச் சற்று மேலே அது நின்றது. ஜெனோவா வேலியோடு ஒட்டி நின்று பார்த்தாள்.

அது அவளுடைய நிறுத்தம். அந்த இடத்தில் நிறுத்தி, கீழே ஆளிருக்கிறதா என்று பார்த்துத்தான் இறக்குவாள். அவள் பார்ப்பாள் என்கிற தைரியத்தில் சுமையாட்கள் சுற்றிப்போகச் சோம்பி, அந்த நேரத்தில் அடியில் புகுந்து கடப்பார்கள். வடம் அவள் விரல்களை எடுத்துப்போயிருந்தது. கண்களை எடுத்துப்போகவில்லை.

சுமையாள் சகாயம் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "ஏல, நம்ம ஜெனோவாக்காதாம்ல ஓட்டுது! வாங்கல!"

நான்கு பேர் அடியில் நுழைந்தார்கள்.

"ஏல, போவாதிய! அது நானில்லல!" வேலியைப் பிடித்து உலுக்கினாள். கடற்காற்று சகாயத்தின் குரலை இங்கே கொண்டுவந்தது. அவள் குரலை அங்கே கொண்டுபோகவில்லை.

கிரேன், அவள் வழக்கமாக நிறுத்தி வைக்கும் நேரம் முழுவதும், குறையாமல் நின்றது. பிறகு, ஆட்கள் அடியில் இருக்கும்போதே இறக்கியது.