மரத்துப்போன வாய்

ரொட்டியை மென்று விழுங்கிய பிறகும் அவள் காதோரம் தாடை ஒருமுறை 'டக்' என்றது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவன் போனதிலிருந்து எதையுமே அப்படித்தான்; பகலெல்லாம் தொலைபேசியில் முகம் தெரியாதவர்களின் புகார்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளுக்குத் தலைவாரிவிட்டு, அழாமல் படுத்துக்கொள்வாள்.

ஒருநாள் காலையில் வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.

அன்று மாலையே மகளையும் கூட்டிக்கொண்டு பல் மருத்துவரிடம் போனாள். வரவேற்பறையில் யாரும் இல்லை. அங்கிருந்த நாற்காலியில் மகளை உட்காரவைத்தாள்.

"வலிக்குமாம்மா?"

"தெரியலடி. இங்கயே இரு."

உள்ளே மருந்து நெடி. மருத்துவர் அவள் காதுகளுக்கு முன்னால் விரல்களை வைத்து அழுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க. மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வு நழுவி, தாடை பூட்டிக்கிச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு காலத்தை ஓட்டுறவங்க எல்லாம் கடைசியில என்கிட்டதான் வருவாங்க" என்று சிரித்தார். "மரத்துப்போக ஊசி போட்டு, பூட்டை எடுத்துவிடறேன். அப்புறம் வெந்நீர் ஒத்தடம், மெத்துன்னு சாப்பாடு, தூங்கும்போது பல்லுக்கு ஒரு உறை. சரியாயிடும்."

ஊசிக்குப் பிறகு முகத்தின் கீழ்ப்பாதி அவளிடமிருந்து மெல்லக் கழன்று போயிற்று; உதடு, நாக்கு, மோவாய் எல்லாம் யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன ஈரத்துணிபோல் கனத்தன. மருத்துவர் கட்டைவிரல்களை உள்ளே விட்டுத் தாடையைக் கீழே அழுத்தினார். எதுவும் தெரியவில்லை. வலி இல்லாதது அவளுக்குப் பழகியதாகவே இருந்தது.

"அவ்வளவுதான். கை கழுவிட்டு வரேன்."

பக்கத்து அறையில் தண்ணீர் விழும் சத்தம். தலைக்கு மேலே விளக்கு. விளக்கின் உலோக விளிம்பில் அவள் முகம்.

வாய் அசைந்தது.

அவள் அசைக்கவில்லை.

உதடுகள் நிதானமாக, கொஞ்சலாக எதையோ சொல்லின. தன் குரலே தன் காதுக்கு எட்டவில்லை.

வெளியிலிருந்து மகளின் குரல்: "சரிம்மா. இவர் கையைப் பிடிச்சுக்கிறேன்."

யார் கையை?

எழுந்தாள். ஓடினாள். மகள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. தெருக்கதவு திறந்து கிடந்தது. தெருவில் ஒருவரும் இல்லை.

மகளின் பெயரைக் கத்தப் பார்த்தாள். வாய் இறுக மூடிக்கொண்டது.

பின்னால் மருத்துவர் வந்து நின்றார். "யாரைத் தேடறீங்க? கூட யாராவது வந்தாங்களா?"

இப்போது வாய் திறந்தது. அகலமாக. சுலபமாக.

"இல்ல டாக்டர்" என்றது அவள் குரல். "நான் தனியாத்தான் வந்தேன்."