பத்தாவது பொருத்தம்

வெள்ளரித்தோப்புத் தெருக் குழாயில் சாக்கடை கலந்து வருகிற செய்தி, ஜோடி கிடைக்காமல் சேனலிலேயே காத்துக்கிடந்தது. செய்தி என்னவோ லட்சணமான செய்திதான். தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. மாவுக்கடை ரோஷினியின் மகள் இனியா மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். குடைக்கட்சிக்காரரான வார்டு கவுன்சிலர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படம், பேட்டி, அழுகை எல்லாம் எடுத்தாயிற்று. பொருத்தமானிதான் விடவில்லை.

அது வருவதற்கு முன் எப்படி இருந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தன் கட்சிக்காரர் வீட்டில் ரெய்டு நடந்தால் பழிவாங்கல். அடுத்த கட்சிக்காரர் வீட்டில் நடந்தால் அதிரடி. தன் ஆள் உளறினால் வாய் தவறியது. அடுத்தவன் உளறினால் வன்மம். “சேனல்காரன் ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வைக்கிறான்” என்று குடைக்கட்சியும் சொன்னது, மணிக்கட்சியும் சொன்னது. சுண்ணாம்புக் கண் தங்களுடையது என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. கடைசியில் சட்டசபையில் இரண்டு கட்சியும் சேர்ந்து கைதூக்கிச் சமநிலைச் சட்டம் கொண்டுவந்தன. எம்.எல்.ஏ. சம்பள உயர்வுக்கு அடுத்தபடியாக அவர்கள் சேர்ந்து கைதூக்கியது அதற்குத்தான்.

அன்றிலிருந்து சேனலுக்கு ஒரு பொருத்தமானி. ஒரு கட்சியைக் குறை சொல்லும் செய்தி எதுவானாலும் அதற்குள் போகும். அதே எடையுள்ள குறை அடுத்த கட்சியின் மேலும் அகப்பட்டால்தான் வெளியே வரும். வரும்போது இரண்டும் அடுத்தடுத்து, ஒரே நீளத்தில், ஒரே அடைமொழியோடு, ஒரே சோக இசையோடு வரும். எடைபோட அதற்குள் பத்து அளவுகோல் வைத்திருந்தார்கள். வடிவமைத்த பொறியாளர், தன் பெண்ணுக்கு வரன் தேடி அலுத்தவரோ என்னவோ!

“ஊழல்னா உடனே ஜோடி கிடைச்சிடும்க்கா, ரெண்டு பக்கமும் ஸ்டாக் இருக்கு,” என்றான் நிருபர் டெல்வின், மாவுக்கடை வாசலில் நின்றுகொண்டு. “குடிதண்ணியில சாக்கடைதான் கஷ்டம். மணிக்கட்சி வார்டுல இப்போதைக்கு எங்கயும் இல்ல.”

“அப்போ என் பொண்ணு படுத்துக் கிடக்கிறது செய்தி இல்லையா?”

“செய்திதான்க்கா. ஆனா ஒத்தைச் செய்தி.”

டிவியில் வராமல் மாநகராட்சி வண்டி வராது. எதிர்க்கட்சி சிரிக்குமே என்ற பயம்தான் அந்த வண்டிக்குப் பெட்ரோல். இனியா நாளைக்கே குணமாகி வந்தாலும் இதே குழாய்க்குத்தான் வந்தாகவேண்டும். ரோஷினிக்குத் தூக்கம் வராமல் போனது அதனால்தான்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மணிக்கட்சி வார்டு. ரோஷினியின் நாத்தனார் ஸ்வப்னா அங்கேதான் குடியிருந்தாள். அங்கே தண்ணீர் பளிங்கு மாதிரி வரும். ஆனால் தெருமுனைக் குப்பைமேடு நாள் முழுக்கப் புகைந்துகொண்டிருக்கும். அந்தச் செய்திக்கும் ஜோடி இல்லை. வெள்ளரித்தோப்பில் குப்பை வண்டி தவறாமல் வந்து தொலைக்கிறதே!

ஸ்வப்னா கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று ரோஷினி ஆரம்பித்தாள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற பழைய வழக்கம் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான்.

“நாங்க எங்க தெருவுல குப்பையைக் கொட்டிக் கொளுத்துறோம். நீங்க உங்க குழாய்ல கொஞ்சம் சாக்கடையைத் திருப்பி விடுங்க. ரெண்டு செய்திக்கும் ஜோடி ஆயிடும்.”

“ஐயோ அண்ணி, குழந்தைங்க இருக்கிற தெரு.”

“எல்லாரையும் கேன் தண்ணி வாங்கச் சொல்லு. செய்தி வந்த அன்னிக்கே உங்க வீட்டுக்காரரு வால்வை மூடிடட்டும். உங்க அண்ணன் பொண்ணுக்காகத்தானே கேக்குறேன்?”

அண்ணன் பொண்ணு என்று வந்தபிறகு எந்தத் தங்கைதான் மாட்டேன் என்பாள்? ஸ்வப்னாவின் கணவன் முகிலனுக்குக் குழாய் வேலை தெரியும். இரண்டு தெருக்காரர்களும் கூடிப் பேசினார்கள். கட்சிக்குக் கட்சி முறைத்துக்கொண்டு திரிந்தவர்கள் அன்றைக்கு ஒரே பாயில் உட்கார்ந்து சுண்டல் தின்ற அழகைப் பார்த்திருக்க வேண்டும்.

குப்பைச் செய்திக்குச் சீக்கிரமே பத்தும் கூடி, ஒளிபரப்பும் ஆகிவிட்டது. குப்பைமேட்டை அள்ள வண்டி மட்டும் வரவில்லை. “குப்பைன்னா மெதுவாத்தான் வருவாங்க,” என்று சொல்லிக்கொண்டார்கள். இப்போது இரண்டு தெருவிலும் புகை.

முகிலன் சொன்னபடி குழாயில் சாக்கடையைத் திருப்பிவிட்டும், தண்ணீர்ச் செய்திதான் இழுத்தது.

“ஒன்பது பொருத்தம் கூடிடுச்சுக்கா,” என்று டெல்வின் போனில் சொன்னான். “தண்ணி நிறம், வீட்டு எண்ணிக்கை, கவுன்சிலர் அலட்சியம் எல்லாம் கச்சிதம். பத்தாவதுதான் இடிக்குது.”

“எது பத்தாவது?”

“பாதிக்கப்பட்ட குழந்தை. உங்க பக்கம் இருக்கு. அந்தப் பக்கம் இல்ல.”

ரோஷினி போனை வைத்துவிட்டு வெகுநேரம் கிரைண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மாவு இல்லை. பிறகு ஸ்வப்னாவைக் கூப்பிட்டாள்.

“என்ன அண்ணி, எப்போ போடுறாங்களாம்? கேன் தண்ணிக்கே காசு கரையுது. மூடிடச் சொல்லவா?”

“ஏதோ ஒரு பொருத்தம் குறையுதாம். இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே.”

“சரி அண்ணி. எங்க செய்தி மட்டும் வந்துட்டு, உங்களோடத பாதியில விட்டா நல்லா இருக்காது.”

நியாயமான மனுஷி. அதுதான் வினையாகப் போனது. அவள் மகன் ஆதவ் கிரிக்கெட் விளையாடுகிற பிள்ளை. தாகம் எடுத்தால் வீட்டுக்கு ஓடிக் கேன் தண்ணீர் குடிக்கிற வயதா அது? தெருக்குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டு அடுத்த ஓவருக்குப் போனான். ஒரு நாளில்லை, தினமும்.

அடுத்த மாதம் அவனுக்குக் கண் மஞ்சளித்தது. காமாலை இறங்காமல் இன்னும் அங்கேயே கிடந்த இனியாவுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே இடம் கிடைத்தது. அன்று சாயங்காலம் பொருத்தமானி பச்சை விளக்குக் காட்டியது.

ஆஸ்பத்திரிக் கூடத்து டிவியில் எல்லாரும் பார்த்தார்கள். முதலில் இனியா, அப்புறம் ஆதவ். ‘நெஞ்சை உலுக்கும் அவலம்’, ‘நெஞ்சை உலுக்கும் அவலம்’. அதே வயலின். பார்க்க வந்திருந்த குடைக்கட்சி ஹரிஷ் மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

“பாத்தியா அநியாயத்தை? நம்ம வார்டுப் பொண்ணை க்ளோசப்ல காட்டுறான். அவங்க வார்டுப் பையனைத் தூரத்துல காட்டுறான். குடைன்னா அவனுக்கு இளக்காரம்.”

“யோவ், சும்மா இரு,” என்றார் மணிக்கட்சி லோகேஷ். “எங்க பையன் கண்ணு நல்லா மஞ்சளா தெரியணும்னு லைட்டைக் கூட்டி வெச்சிருக்கான். உங்க பொண்ணுக்கு அந்த லைட்டு போட்டானா? எப்பவுமே ஒருதலைப்பட்சம்.”

நர்ஸ் வந்து இரண்டு பேரையும் வெளியே அனுப்பினாள். வாசலிலும் சண்டை தொடர்ந்தது.

இரண்டு கவுன்சிலர்களும் அறிக்கை விட்டார்கள். ‘அந்த வார்டிலும் இதே நிலைதான்’ என்பது முதல் அறிக்கை. இரண்டாவது அறிக்கையும் அதேதான். இரண்டு பேருக்கும் சமமாக அடி விழுந்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. சிரிக்க ஆளில்லை, ஆகவே பயமுமில்லை. மாநகராட்சி வண்டி ஷெட்டிலேயே நின்றது.

முகிலன் மட்டும் யாரையும் கேட்காமல் போய் வால்வை மூடிவிட்டு வந்தான்.

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இருந்த ஒரே ஸ்டூலில் ரோஷினியும் ஸ்வப்னாவும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“அன்னிக்கு ஏதோ ஒரு பொருத்தம் குறையுதுன்னு சொன்னீங்களே அண்ணி,” என்று ஸ்வப்னா மெல்லக் கேட்டாள். “அது என்னது?”

ரோஷினி வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. டெல்வின்.

“அக்கா, வண்டி வரலைன்னு தொடர் செய்தி ஒண்ணு போடலாம். நல்லாப் போகும். ஆனா அந்தப் பக்கம் வால்வை மூடிட்டாங்களாமே, தண்ணி தெளிஞ்சு வருதாம். ஜோடி போச்சு. கொஞ்சம் சொல்லித் திறந்து விடச் சொல்றீங்களா?”

வீட்டுக் குழாயில் இன்னும் அதே டிகாக்‌ஷன்தான். இனியாவை வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். ரோஷினி போனைக் காதிலிருந்து எடுத்து அணைத்தாள்.

“யாரு அண்ணி?”

“ராங் நம்பர்.”

ஸ்வப்னா அவள் முகத்தையே பார்த்தாள். மேஜையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் ஒட்டி நின்றன. கையை நீட்டி, தன் மகனுடையதை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.